மோதிரத்தின் நிழல்

1895 டிசம்பர் 22ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ராண்ட்ஜன் தம் துணைவியாரின் கையை எக்ஸ்ரே படமெடுத்தார். எலும்புகளோடு விரலில் கிடந்த மோதிரமும் கறுத்துப் பதிந்தது. உலோகம் கதிரை மறிக்கும் என்பதை அப்படம் உலகுக்குக் காட்டிற்று.

எம்.ஆர்.ஐ. முறையில் அக்கதிர் இல்லை. வலிய காந்தம் உண்டு. 1977இல் நியூயார்க்கில் ஒருவரின் மார்பை இம்முறையில் முதன்முதல் படமெடுக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடித்தது. இன்று கோவையில் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. உள்ளே எழும் தட்டொலி இயந்திரத்தின் இயல்பே. உடலினுள் கருவியோ தகடோ பொருத்தியிருந்தால் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

முக்காட்டு ஊக்கைக் காந்தம் இழுக்கும். பொன்னணியும் படத்தைக் குலைக்கும். ஆயினும், கருகமணியைக் கழற்றச் சொன்னால் நம் கோட்டைமேட்டுத் தாய்மார் கலங்குகின்றனர். நிக்காஹ் ஈஜாபு கபூலால் நிறைவேறியது, கருகமணியால் அன்று. கூடவந்தவரிடம் கொடுத்துவிட்டுப் படுக்கலாம்; எழுந்ததும் அணிந்துகொள்ளலாம்.