படியோலையும் மூலஓலையும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ, தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தோட ஜெராக்ஸை வக்கீல்கிட்ட காட்டினோம். மனுஷர் புரட்டிக்கூடப் பார்க்கலை. "மூலப் பத்திரம் எங்க தம்பி?" அவ்வளவுதான். திரும்பி வர்ற பஸ்ஸில் சுந்தரர் கதைதான் ஞாபகம் வந்தது.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் வரும் வழக்கு. கல்யாணப் பந்தலுக்கு ஒரு கிழவர் (சிவன்தான்) வந்து, "இவன் எனக்கு அடிமை, இவன் தாத்தா எழுதிக்கொடுத்த ஓலை இருக்கு" என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. வழக்கம், ஆவணம், சாட்சி, மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறது சபை. கிழிந்தது வெறும் படியோலை, மூலஓலை என்னிடம் பத்திரமா இருக்கு என்கிறார் கிழவர். விவரமான ஆள் :-) சாட்சிகளின் கையெழுத்தைச் சரிபார்க்கிறார்கள். தாத்தா எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவந்து ஒப்பிடுகிறார்கள். பொருந்துகிறது. சுந்தரர் தோற்றார்.

வரலாற்று ஆய்வாளர் செய்வதும் இதேதான்: மூலமா நகலா, யாரிடம் இருந்தது, எழுத்து ஒத்துப்போகிறதா? 1872 இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 73-ஆம் பிரிவும் கையெழுத்தை ஒப்பிடச் சொன்னது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த சட்டத்திலும் அது இருக்கிறது.

ஆனால் வரலாறு இன்னும் ரெண்டு கேள்வி கேட்கும். முதல் கேள்வி, இதை எழுதியது எப்போது? சுந்தரருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவர் சேக்கிழார். ஆக இந்தக் காட்சி சொல்வது பெரும்பாலும் சேக்கிழார் காலத்துச் சபையைப் பற்றித்தான். அடுத்தது, ஓலை உண்மை, சரி, நியாயமா? அந்தணருக்கு அந்தணர் அடிமையாவது வழக்கத்திலேயே இல்லையே என்று சபை தயங்குகிறது. மற்றவர்கள் அடிமையாவது பற்றி யாருக்கும் தயக்கம் இல்லை. சோழர் கல்வெட்டுகளில் தங்களையே கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். 1843-ஆம் ஆண்டின் சட்டம்தான், அடிமை உரிமை கேட்டு யார் வந்தாலும் கோர்ட் அதை நிறைவேற்றாது என்றது. ஓலை அசலா போலியா என்று எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தாலும் இந்த விடை வந்திருக்காது.

எங்க மூலப் பத்திரம் பீரோவில் கிடைச்சிடுச்சு. முத்திரை, சாட்சி, கையெழுத்து எல்லாம் பக்கா. வக்கீலுக்கும் திருப்தி. தாத்தாவும் தம்பிகளும் பிரிச்சுக்கிட்ட ஒவ்வொரு வரப்பும், தென்னையும் அதில் இருக்கு.

தாத்தாவோட தங்கைகள் ரெண்டு பேர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.