பாஞ்சோ வில்லா

பாஞ்சோ வில்லா (ஆகஸ்ட் 1, 1901 – ஜூலை 14, 1925) பிலிப்பைன்ஸ் நாட்டுக் குத்துச்சண்டை வீரர். உலகப் பட்டம் வென்ற முதல் ஆசியக் குத்துச்சண்டை வீரர் இவரே. இயற்பெயர் பிரான்சிஸ்கோ கில்லெடோ.

பிறப்பு, இளமை

நீக்ரோஸ் தீவிலுள்ள இலோக் என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் இலோயிலோ நகரில் காலணிகளுக்கு மெருகிட்டுப் பிழைத்தார். அப்போது பிலிப்பைன்ஸ் அமெரிக்க ஆட்சியில் இருந்தது. வட சென்னையில் ஆங்கிலேயர் வழியாகக் குத்துச்சண்டை வேரூன்றியதைப் போல, அங்கு அமெரிக்கப் படைவீரர்கள் வழியாக அது பரவியது.

குத்துச்சண்டை வாழ்க்கை

வில்லாவின் உயரம் ஏறத்தாழ 154 செ.மீ. 112 பவுண்டுக்கு உட்பட்ட ஃபிளைவெயிட் பிரிவில் மோதினார். 1922-ல் மேலாளர் பிராங்க் சர்ச்சிலுடன் அமெரிக்கா சென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜானி பஃப்பை வென்று அமெரிக்கப் பட்டத்தைப் பெற்றார். 1923 மார்ச்சில் பிரான்கி ஜெனாரோவிடம் அதை இழந்தார். ஆனால் ஜூன் 18, 1923 அன்று நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ் திடலில், வேல்ஸ் வீரர் ஜிம்மி வைல்டை ஏழாவது சுற்றில் வீழ்த்தி உலகப் பட்டம் வென்றார். ஆளும் நாட்டின் களத்தில், ஆளப்பட்ட நாட்டின் இளைஞர் பெற்ற வெற்றி அது.

மறைவு

ஜூலை 4, 1925 அன்று, பல் தொற்றால் முகம் வீங்கியிருந்த நிலையிலும் ஜிம்மி மெக்லார்னினுடன் மோதித் தோற்றார். அது பட்டத்துக்கான போட்டி அல்ல. பல் பிடுங்கிய பின் தொற்று தொண்டை வரை பரவியது. பத்து நாட்களில் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். வயது 23. பெனிசிலின் கண்டறியப்பட்டது 1928-ல். உலகப் பட்டத்தை அவரிடமிருந்து களத்தில் எவரும் பறிக்கவில்லை.

1994-ல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.