நடுகல் நாட்டில் விளையாட்டு முகாம்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் இண்டூரைக் கடக்கும் யாத்திரிகர் பெரும்பாலும் ஒகேனக்கல் அருவியையே மனத்தில் கொண்டிருப்பாராதலால், அவ்வூர் அடங்கிய பூமி அதியமானின் தகடூர் நாடு என்பதும், ஆநிரைப் பூசலில் மாண்ட வீரர்க்கு ஆயுதம் ஏந்திய கோலத்தில் நட்ட கற்கள் இந்த ஜில்லாவில் பல இடங்களில் நிற்கின்றன என்பதும் அவர் நினைவுக்கு வருவது அரிது. வில்லும் வேலும் ஜீவனத்துக்கு வேண்டியிருந்த அந்த நாட்டில், இன்று சிறுவர்கள் ஈட்டியைத் தொடுவது கோடை விடுமுறையில், விசிலுக்குக் கட்டுப்பட்டு.

இந்தக் கட்டுப்பாடு முழுவதும் மேனாட்டாரிடமிருந்து வந்தது என்று சொல்வாரை நான் ஒப்பமாட்டேன். சடுகுடு ஆட மெத்தென்ற மண்ணைத் தேடுவதும், ஆளுக்கு ஆள் தோதாகப் பார்த்துக் கட்சி பிரிப்பதும், பாடிப் போகிறவனின் மூச்சையே ஆட்டத்துக்கு எல்லையாக வைத்ததும் நம் கிராமங்கள் தாமே கண்ட காப்புகள். கிட்டிப்புள்ளுக்கு மட்டும் அத்தகைய காப்பு எதுவும் இல்லை. தெறித்த புள் எவன் கண்ணில் பட்டதென்று கேட்டால் ஊருக்கு ஒரு கதை கிடைக்கும்.

பள்ளிக்கூடங்களிலோ நெடுங்காலம் டிரில் ஒன்றே உடற்பயிற்சியாக இருந்தது. அதைச் சொல்லிக் கொடுத்தவரும் பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவரே. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் 1920-இல் சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கென்றே ஒரு கலாசாலையை நிறுவிய பிறகுதான், பிள்ளைகளை விளையாட வைப்பதும் கற்றுத் தேர வேண்டிய ஒரு வித்தை என்ற எண்ணம் இராஜதானியில் வேரூன்றியது.

முகாமின் கதை வேறு. 1907 ஆகஸ்டில், சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவுக்கு அழைத்துச் சென்ற சுமார் இருபது சிறுவர்களை நான்கு அணிகளாக்கி, அணிக்கு ஒரு தலைவனை வைத்து, பகல் உணவுக்குப் பின் ஓய்வைக் கட்டாயமாக்கினார். நம் வெயிலை அறிந்தவர்க்கு இந்த ஓய்வை எந்தப் புத்தகமும் போதிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பான ஒருவன் பக்கத்திலேயே இருக்கும்படி சிறு அணிகளாகப் பிரித்தது உண்மையிலேயே நல்ல யுக்தி. சாரணர் இயக்கம் முதலில் இந்தியச் சிறுவர்களுக்குக் கதவடைத்தது. முதல் உலக யுத்த காலத்தில் அன்னி பெசண்ட் அம்மையார் சென்னையில் அவர்களுக்கென்று தனிச் சங்கம் கண்டு, தலைப்பாகையையும் சீருடையில் சேர்த்தார்.

1965 வரை சேலம் ஜில்லாவோடு இருந்த இப்பகுதிக்கு இவையெல்லாம் மெதுவாகவே வந்து சேர்ந்தன. 1992-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தோன்றியபின், ஜில்லாத் தலைநகரங்களில் கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் வழக்கமாயின. உச்சி வெயிலை ஒதுக்கிக் காலையிலும் மாலையிலும் பயிற்சி நடக்கிறது. சடுகுடுவும் கபடியாகி, ஆண்களுக்கு 13 மீட்டருக்கு 10 மீட்டர் என்று அளந்த களத்துக்கும், வயதுக்கும் எடைக்கும் தக்க பிரிவுகளுக்கும் உட்பட்டுவிட்டது. கிராமத்தார் கண்ணால் பார்த்து நிதானித்த தோதைத் தராசு இப்போது நிறுத்துச் சொல்கிறது.

ஈட்டி எறியும் இடத்தில்தான் சட்டம் மிகக் கடுமை. எறிபவனுக்குப் பின்னே மற்றவர் அனைவரும் கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டும். கடைசி ஈட்டி மண்ணில் குத்தி விசில் ஊதும்வரை ஒருவரும் அசையலாகாது. ஊதிய பிறகும் ஓடாமல் நடந்து சென்றே அதைப் பிடுங்கிவர வேண்டும்.