வேதக்காரப் பிள்ளையும் வைத்தியப் படிப்பும்

கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் எல்லா விவரத்தையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள் என் தங்கச்சி மகள். நாகர்கோவிலில் பி.எஸ்சி. விலங்கியல் முதலாண்டு படிக்கிறாள். நீட் ஒருதடவை எழுதி எட்டவில்லை. இப்போது பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து பி.எஸ்சி. நர்சிங்குக்குப் போட வேண்டும், அடுத்த வருசம் நீட்டும் எழுத வேண்டும், ரெண்டும் சேர்த்துத்தான் அவள் கணக்கு. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் இருந்தது. ‘சமூகம்’ என்ற இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

அவள் கையில் இருக்கிற சர்ட்டிபிகேட்டில் ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர், பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று இருக்கிறது. அதே தெருவில் அவளோடு படித்த இன்னொரு பெண்ணின் சர்ட்டிபிகேட்டில் இந்து சாம்பவர், பட்டியல் சாதி. ரெண்டு வீட்டுப் பாட்டன்மாரும் கூடப்பிறந்தவர்கள்.

“மாமா, அவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டாள்.

“ஞாயித்துக்கிழமை” என்றேன். சிரித்தாள். ஆனால் அது சிரிப்போடு போகிற பதில் இல்லை. அதைச் சொல்லி முடிக்க இருநூறு வருசத்துக் கதை வேண்டும்.

மயிலாடியிலிருந்து தொடங்குவோம். மகாராசன் என்ற சாம்பவர் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார், திரும்புகிற வழியில் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் வாங்கி வேதமாணிக்கமாக ஊர் வந்தார். அவர் கூப்பிட்டுத்தான் ரிங்கல்தௌபே 1806ல் ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். 1809ல் மயிலாடியில் கோயில் எழும்பியது. தென் திருவிதாங்கூரின் சீர்திருத்தச் சபை வரலாறு முழுக்க ஒரு பறையரின் அழைப்பில் தொடங்குகிறது. சபை விழா மலர்களில் மிஷனரியின் படம் பெரிதாகவும் வேதமாணிக்கத்தின் பெயர் சின்ன எழுத்திலும் வருவதை நாம் பார்த்துப் பழகிவிட்டோம்.

மருந்து அதற்குப் பிறகு வந்தது. லண்டன் மிஷன் 1838ல் டாக்டர் ராம்சேயை அனுப்பியது. 1852ல் நெய்யூருக்கு வந்த டாக்டர் லீச் ரெண்டே வருசத்தில், 1854ல், கடலில் குளிக்கப்போய் இறந்துபோனார். அவர் மருந்து கொடுத்த அந்த ரெண்டு வருசமும் நம் ஆட்களை நிலத்தோடு சேர்த்து விற்கலாம், வாங்கலாம். திருவிதாங்கூரில் அடிமை முறையை முழுசாக ஒழித்த அரச விளம்பரம் 1855ல்தான் வந்தது. 1861ல் டாக்டர் ஜான் லோ வந்தார். பின்னாளில், 1886ல், மருத்துவ மிஷன்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிராமணர், சூத்திரர், சாணார், புலையர், பறையர் எல்லாரும் ஆணும் பெண்ணுமாக ஒரே இடத்தில் கலந்து உட்கார்ந்திருந்த காட்சியை அதில் பூரிப்போடு சொல்கிறார். பூரிக்க வேண்டிய காட்சிதான். தெருவில் இத்தனை அடி தள்ளி நில் என்ற நாட்டில் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்தது சின்ன விசயம் இல்லை. ஆனால் அவர்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தது காய்ச்சலும் கட்டியும். வீட்டுக்குப் போய்த் தலைமுழுகியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

நான் அதைவிட உற்றுப் பார்க்கிற வருசம் 1864. அந்த வருசம் லோ நெய்யூரில் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ வகுப்பு தொடங்கினார். மருந்துக்காக உட்காருகிற பெஞ்சுக்கும் படிப்பதற்காக உட்காருகிற பெஞ்சுக்கும் உள்ள தூரத்தை நம் வரலாறு எழுதியவர்கள் அளந்து பார்ப்பதில்லை. முதல் பெஞ்சுக்கு வலி போதும். ரெண்டாவதற்கு இங்கிலீஷ் தெரிய வேண்டும். இங்கிலீஷ் தெரிய மிஷன் பள்ளியில் பல வருசம் இருந்திருக்க வேண்டும். அப்படி இருக்க, வயலில் அந்தப் பையனின் கை இல்லாமலும் வீட்டில் கஞ்சி காய வேண்டும். ஒன்பது வருசத்துக்கு முன்புவரை விலைக்குப் போன ஒருவனின் மகன் 1864ல் உடற்கூறு படிக்க எத்தனை கதவு திறக்க வேண்டும்! நிலமும் பனையும் கொஞ்சம் வியாபாரமும் கையில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கதவுகள் முதலில் திறந்தன. அவர்களும் மேல்சாதியிடம் அடிபட்டவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே சபையில் ஒருத்தர் டிரஸ்ஸர், கம்பவுண்டர் என்று ஏறியபோது இன்னொருத்தர் கையில் துடைப்பம் நின்றது.

அரசாங்கப் பக்கம் கதை இன்னும் கெட்டது. ஈழவரான பல்பு 1884ல் திருவிதாங்கூரின் மருத்துவப் படிப்புக்கான தேர்வில் தேறியும் சாதியால் இடம் கிடைக்காமல் சென்னைக்குப் போய்ப் படித்தார். படித்து வந்தும் சொந்த நாட்டில் வேலை இல்லை, மைசூர் அரசில் சேர்ந்தார். அவருக்கே அந்தக் கதி என்றால் அவருக்கும் கீழே வைக்கப்பட்டவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நாகர்கோவிலில் இரட்சணிய சேனை வந்து சேரிகளுக்குள் புகுந்தது. 1890களில் ஹாரி ஆண்ட்ரூஸ் தன் குடியிருப்பின் குளியலறையிலேயே மருந்து கொடுக்கத் தொடங்கினார். 1900ல் டாக்டர் பெர்ஸி டர்னர் வந்த பிறகு அது கேதரின் பூத் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. ஆண்ட்ரூஸ் பிறகு ராணுவ மருத்துவராகி 1919ல் வஜிரிஸ்தானில், காயம்பட்டவர்களைக் காப்பாற்றும்போது இறந்தார், விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள்.

குளியலறையில் ஆஸ்பத்திரி தொடங்கியதைச் சொன்னபோது எங்கள் பாட்டி, “எனக்க ஆஸ்பத்திரியும் அங்கதான் மக்ளே, நான் வெளிய வரவே இல்ல” என்றாள். அவள் வேறொரு ஆஸ்பத்திரியில் முப்பது வருசத்துக்குமேல் ஆயா. பேறுகாலத் துணி, ரத்தம், பெட்பேன், எல்லாம் அவள் கை. பிரசவ அறையில் நின்று நின்று எல்லாம் தெரிந்தவள். ராத்திரியில் சிக்கலான கேஸ் வந்தால் நர்சுமார் முதலில் அவளைத்தான் எழுப்புவார்கள்.

“பிள்ளை தலை திரும்பாம கெடந்தா எனக்க கைக்குத் தெரியும். தொட்டுப் பாக்கச் சொல்லுவாவ. பாத்துச் சொன்னா, ஒனக்கு என்னடீ தெரியும்னு கேப்பாவ.”

நாஞ்சில் நாட்டு ஊர்களில் வயித்தாட்டி என்ற சொல் இருக்கிறது. பிரசவம் தீட்டு என்பதால் அந்த வேலையை ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்குத் தள்ளிவிட்டார்கள், அறிவும் அவர்கள் கையிலேயே தங்கியது. நர்சிங் வந்த காலத்திலும் மேல்சாதிப் பெண்கள் அந்தத் தீட்டுக்குப் பயந்து ஒதுங்கி நின்றார்கள். 1916ல் திருவனந்தபுரம் தைக்காடு பெண்கள் ஆஸ்பத்திரியின் பொறுப்புக்கு வந்த டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ் இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளூர் மருத்துவச்சிகளின் பிள்ளைகளையே கூப்பிட்டு மகப்பேற்றுப் பயிற்சி கொடுத்தார். நாகர்கோவிலில் காசநோய் சானடோரியம் அமைத்தவரும் அவர்தான். கைப்பழக்கத்துக்கு ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தால் அது தொழில், கொடுக்காவிட்டால் அது ஊழியம். பாட்டிக்கு யாரும் கொடுக்கவில்லை.

என் முறை வந்தபோது நான் கல்லூரி மாணவன். ஆய்வுக்கூடப் பயிற்சிக்குச் சேர ஒரு சிபாரிசுக் கடிதத்துக்காகச் சபைப் பெரியவர் ஒருத்தரிடம் போய் நின்றேன். “ஒங்க ஆளுவளுக்கு வார்டு வேலைன்னா இப்பவே எழுதித் தாறேன்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1950 ஆகஸ்ட் 10ம் தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர், முஸ்லிம் வெளியே. 1956 நவம்பர் 1ல் குமரி தமிழகத்தோடு இணைந்ததாலும் இதில் மாற்றமில்லை, அது மத்திய ஆணை. தமிழ்நாட்டில் மதம் மாறிய நம்மவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நிற்கிறார்கள். அதாவது 18 சதவீதத்தில் இடமில்லை, 26.5 சதவீதத்தில் போய், மூன்று தலைமுறையாகப் பள்ளியும் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் வைத்திருக்கிற சாதிகளோடு ஓட வேண்டும். ஆசாரிப்பள்ளத்தில் காசநோய் ஆஸ்பத்திரி வளாகத்தில் 2001ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. எங்கள் பெண்கள் அதன் வாசலை பஸ்சிலிருந்து பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். ஆந்திராவில், மாதிகாவாக இருந்து கிறிஸ்தவரான பெற்றோருக்குப் பிறந்த ஒரு மாணவர் 1973ல் சுத்திச் சடங்கு செய்து இந்துவானார். பட்டியல் சாதி இடத்தில் குண்டூர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்துத் தேர்வானார். பிறப்பால் இந்து இல்லை என்று இடத்தை ரத்து செய்தார்கள். 1976ல் உச்சநீதிமன்றம், திரும்பி வருகிறவரைச் சாதிக்காரர்கள் ஏற்றுக்கொண்டால் அவர் அந்தச் சாதிக்காரரே என்றது. சாதி போகவே இல்லை என்பதை ஊர் சொன்னால் செல்லும், சேரியில் இருக்கிற வீடு சொன்னால் செல்லாது! 1985ல் சென்னையில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவர் கொண்டுபோன சூசை வழக்கில், மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று சொல்லித் தள்ளினார்கள். 2007ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் போட்டு, அதற்கும் காலக்கெடு நீட்டினார்கள். 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவர் வேலைக்காகக் கேட்ட பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்த உச்சநீதிமன்றம், நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது.

தங்கச்சி மாப்பிள்ளைக்குத் திரும்பிவிடலாம் என்ற யோசனை. கெஜட்டில் போட்டு, சடங்கு செய்து, தாசில்தாரிடம் புதுசாகக் கேட்போம் என்கிறார். திரும்பிப் போகிறவர்களைச் சபையில் ‘விசுவாசம் விற்றவன்’ என்று பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பிள்ளைகள் யாருக்கும் இந்தக் கட்டத்தில் பேனா நின்றதில்லை. ஆகவே அவரை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் அம்மா மட்டும், “ஒங்க பாட்டி கல்லறைத் தோட்டத்தில கெடக்கா. அவள எங்க கொண்டு வைப்பிய?” என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

பெண் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அந்த இடத்தில் பி.சி. என்று எழுதினாள். தாளைத் திருப்பி, “அந்த குண்டூர் கேசுக்க வருசத்தை இதில எழுதித் தாருங்க மாமா” என்றாள்.