பருத்தியின் தாய் எந்தக் கரை?

1842இல் ரொபேட் வைற் என்ற ஸ்கொட்லாந்துத் தாவரவியலாளரிடம் கிழக்கிந்தியக் கம்பனி ஒரு வேலையை ஒப்படைத்தது. கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியை வளர்த்துக் காட்ட வேண்டும். 1853 வரை அவர் அங்கே இந்த வேலையாகத்தான் இருந்தார். தென்னிந்தியத் தாவரங்களைப் படம் வரைவித்துப் பெரிய தொகுதிகளாக வெளியிட்ட அதே வைற்தான்.

கோயம்புத்தூரில் ஏற்கெனவே பருத்தி இருந்தது. ஆனா அது மான்செஸ்டர் ஆலைகளுக்குப் பிடிக்கவில்லை. காரணம் நீளம். உள்ளூர்ப் பருத்தியின் நார் குட்டை, அமெரிக்கப் பருத்தியின் நார் நீளம். இயந்திரம் இழுக்கிற வேகத்துக்குக் குட்டை நார் அறுந்துபோகும். இதில ஒரு வேடிக்கை இருக்கு. உலகமே வியந்த டாக்கா மஸ்லின், வங்காளத்தில் விளைந்த இதே குட்டை நார்ச் சாதியில்தான் நெய்யப்பட்டது. கை நூற்றபோது குட்டை ஒரு குறையாகவே இருக்கேல்லை. மெசின் வந்த பிறகுதான் குறையாப் போச்சுது.

சரி, இரண்டையும் கலந்து, எங்கட மண்ணைத் தாங்குகிற, நார் நீளமான ஒரு பருத்தியை எடுத்தால் என்ன? யாருக்கும் தோன்றக்கூடிய யோசனை. ஆனால் ஆசியப் பருத்தியையும் அமெரிக்கப் பருத்தியையும் கலந்தால் அநேகமாகக் காயே பிடிக்காது. தப்பித் தவறி ஒரு செடி வந்தாலும் அது மலடு. ஏன் மலடு எண்டு தெரிய 1920கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த விடையைத் தேடிப் போனவர்கள் கடைசியில் நாரைப் பற்றி மட்டுமில்லாமல், கண்டங்களைப் பற்றியும் கடல்களைப் பற்றியும் சண்டை பிடிக்க வேண்டி வந்தது. நாங்கள் சொல்ல வந்த கதை அதுதான்.

முதலில் நார் எண்டால் என்ன? ஒரு பருத்தி நார் ஒரே ஒரு கலம். உயர்தரத்தில் உயிரியல் படித்தவைக்குக்கூட இதைக் கேட்டால் கொஞ்சம் திகைப்பாத்தான் இருக்கும். பூ விரிகிற நாளை ஒட்டி, சூலகத்துக்குள் இருக்கும் இளம் வித்தின் மேற்றோலில் ஏறத்தாழ நாலு கலத்துக்கு ஒன்று வெளியே முட்டிக்கொண்டு கிளம்பும். பிறகு மூன்று கிழமை போல நீண்டுகொண்டே போகும். பிரியாது, கிளைக்காது, நீளும் மட்டும். 20 மைக்றோமீற்றர் தடிப்புக்கூட இல்லாத அந்தக் கலம் இரண்டரை, மூன்று சென்ரிமீற்றரை எட்டிவிடும். அதற்குப் பிறகு உட்சுவரில் செலுலோசு படைபடையாகப் படியும். காய் வெடிக்கும்போது கலம் செத்து, காய்ந்து, தட்டையாகி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு இருப்பதால்தான் ஒரு நார் இன்னொரு நாரைப் பிடித்துக்கொண்டு நூலாகிறது. எங்கட வீட்டுத் தலையணைக்குள் இருக்கும் இலவம் பஞ்சு வேறு. அது வித்தில் முளைப்பதில்லை, காயின் உட்சுவரில் முளைப்பது. முறுக்கும் இல்லை, வழுவழுப்பு. அதனால் நூற்கவும் வராது.

இந்த ஒரு கலத்தை மனிதர்கள் நாலு தடவை, நாலு இனங்களில், ஒருவரை ஒருவர் அறியாமல் கண்டுபிடித்திருக்கிறார்கள். தெற்காசியாவில் ஒன்று, ஆபிரிக்கா–அரேபியப் பக்கம் ஒன்று, மெக்சிக்கோப் பக்கம் ஒன்று, தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒன்று. இண்டைக்கு நாங்கள் உடுத்துகிற பருத்தியில் மிகப் பெரிய பங்கு மெக்சிக்கோப் பருத்திதான்.

1920களில் நுணுக்குக்காட்டியில் நிறமூர்த்தங்களை எண்ணத் தொடங்கினார்கள். பழைய உலகத்துப் பருத்திகளின் புணரியில் 13. அமெரிக்காவின் இரண்டு பயிர்ப் பருத்திகளிலும் 26. கலப்புச் செடி மலடானது இதனால்தான்: 13 ஒரு பக்கம், 26 மறுபக்கம் வந்தால் சோடி சேர ஆளில்லை. 1934இல் ஸ்கொவ்ஸ்ரெட் என்ற டேனிஷ்காரர் இன்னும் கூர்ந்து பார்த்தார். அமெரிக்கப் பருத்தியின் 26இல் 13 பெரியவை, 13 சின்னவை. பெரியவை ஆசியப் பருத்தியினதோடு சோடி சேர்கின்றன. சின்னவை? அமெரிக்காவின் காட்டுப் பருத்திகளுக்கும் 13 நிறமூர்த்தங்கள் உண்டு, அவை சின்னவை. ஆக, நீள நார் தருகிற அமெரிக்கப் பருத்தி என்பது இரண்டு தாவரங்கள் ஒன்றாகிப் பிறந்த பிள்ளை. பாதி ஆசிய–ஆபிரிக்கப் பக்கம், பாதி அமெரிக்கக் காடு.

1940இல் ரெக்ஸாஸில் பீஸ்லியும், தனியே ஹார்லண்டும் இதைச் செய்தே காட்டினார்கள். ஆசியப் பருத்தியையும் அமெரிக்கக் காட்டுப் பருத்தியையும் கலந்து, மலட்டுச் செடியின் நிறமூர்த்தங்களைக் கொல்கிசின் என்ற மருந்தால் இரட்டிப்பாக்கினார்கள். அப்படி வந்த செடி அமெரிக்கப் பயிர்ப் பருத்தியோடு கலந்தது. கோயம்புத்தூரில் ஒரு நூற்றாண்டுக்கு முன் முட்டிய சுவரில் இப்பதான் ஒரு வாசல்.

ஆனா இங்கதான் பெரிய கேள்வி எழும்பினது. ஒரு பெற்றோர் அமெரிக்காவில், மற்றவர் கடலுக்கு அந்தப் பக்கம். எப்படிச் சந்தித்தார்கள்?

1947இல் ஹச்சின்சன், சிலோ, ஸ்ரீவன்ஸ் மூவரும் பருத்தியின் பரிணாமம் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். ஹச்சின்சன் இந்தோரில் வேலை செய்தவர், ஆசியப் பருத்திகளைக் கரைத்துக் குடித்தவர் எண்டே சொல்லலாம். அவர்களின் விடை: மனிதர்தான் கொண்டுபோனார்கள். நாகரிகம் கண்ட யாரோ ஆசியப் பருத்தி வித்தைப் பசுபிக்கைத் தாண்டிக் கொண்டுபோக, அது அங்கிருந்த காட்டுப் பருத்தியோடு கலந்தது. அதே ஆண்டு கொன்ரிக்கி கட்டுமரத்தில் பெருவிலிருந்து பொலினீசியாவுக்கு மிதந்துபோன தோர் ஹெயர்தால், பிறகு தன் கடற்பயணக் கொள்கைக்குப் பருத்தியையும் ஒரு சாட்சியாக இழுத்துக்கொண்டார்.

கேட்க நல்ல கதை. அந்த நேரம் முகநூல் இருந்திருந்தால் எங்கட ஆக்கள் என்ன செய்திருப்பினம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. பருத்தியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன கப்பலில் கட்டாயம் ஒரு பூம்புகார் வணிகன் ஏறியிருப்பான். சிரிப்பை விடுவம். அந்தக் கதைக்குள் ஒரு கசப்பான எண்ணமும் ஒளிந்திருக்கிறது: பெருவின் மக்கள் வெளியார் உதவி இல்லாமல் பருத்தியைப் பெற்றிருக்க முடியாது என்பது. பெருவின் கரையில் ஹுவாக்கா பிரியேட்டா மேட்டை 1946, 47இல் ஜூனியஸ் பேர்ட் தோண்டியபோது, மட்பாண்டமே இல்லாத காலத்துப் பருத்தித் துணிகள் கிடைத்தன. 4,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. அத்தனை முந்திய காலத்திலேயே பசுபிக்கைக் கடந்து வந்து வித்துக் கொடுத்தவர் யார்?

கதையை உடைத்தவர்களில் ஒருவர், அதை எழுதிய மூவரில் ஒருவரான ஸ்ரீவன்ஸ். இதற்காகவே எங்களுக்கு இந்த மனுசனைப் பிடிக்கும். அவர் பருத்தி வித்துகளை உப்புத் தண்ணியில் ஊறப்போட்டார். எவ்வளவு நாள் தாங்கும், பிறகு முளைக்குமா எண்டு பார்த்தார். சில காட்டுப் பருத்திகளின் வித்துகள் நல்லாவே தாக்குப்பிடித்தன. முடிவுகளை 1958இல் எழுதினார். யோசித்தால் ஆதாரம் ஏற்கெனவே கண்முன்னால்தான் கிடந்தது. கலாபகஸ் தீவுகளில் ஒரு காட்டுப் பருத்தி இருக்கிறது, 1835இல் டார்வின் அங்கே போனபோது பருத்தி சேகரித்திருக்கிறார். ஹவாயில் இன்னொன்று. இரண்டுமே 26காரர். நெசவுக்காக எவரும் கொண்டுபோய் நடாத காட்டுச் செடிகள். வித்து தானே மிதந்து போயிருக்கிறது.

காலக்கணக்கைத் தீர்த்தது டி.என்.ஏ. 1989இல் ஜொனதன் வென்டெல், அமெரிக்கப் பருத்திகளின் பச்சையவுருமணி டி.என்.ஏயை எடுத்துப் பார்த்தார். பருத்தியில் அது தாய்வழியாக மட்டும் வருவது. எல்லாவற்றிலும் இருந்தது பழைய உலகத்துப் பருத்தியின் பச்சையவுருமணி. ஆகவே தாய் இந்தப் பக்கத்துக் கரை, தகப்பன் அமெரிக்கக் காடு. கலப்பு நடந்த காலம் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மில்லியன் ஆண்டுகளுக்கு முன். அமெரிக்காவில் மனிதர் காலடி வைத்தது சில பத்தாயிரம் ஆண்டுகளுக்குள்தான். கொண்டுபோக ஆளே இல்லை. தாய்ப் பருத்தியின் வித்து எப்படியோ கடலைத் தாண்டியிருக்கிறது, ஒரு பூ இன்னொரு பூவின் மகரந்தத்தை வாங்கியிருக்கிறது, அந்த ஒரு சம்பவத்தின் வாரிசுகள்தான் எங்கட சேர்ட்டும் சாரமும்.

இனி நாருக்குத் திரும்புவம். தகப்பன் வழிக்கு இண்டைக்கு மிக நெருக்கமாக இருப்பது பெருவின் காட்டுப் பருத்தி. அதன் வித்தில் சில மில்லிமீற்றர் மயிர்தான் இருக்கும், நூற்க ஒன்றுக்கும் உதவாது. தாய் வழியில்தான் கலம் கூடிய நாள் நீண்டுகொண்டே போகிற பழக்கம் தோன்றியது, அதுவும் மனிதர் கை வைக்க முன்னமே. ஆகவே நார் நீளத்துக்குரிய பரம்பரையலகுகள் எல்லாம் தாய் பக்கத்தில்தான் இருக்கும் எண்டு எவரும் நினைப்பினம். 1998இல் பற்றர்சன் குழுவினர் நீளத்தையும் தரத்தையும் தீர்மானிக்கும் இடங்களை நிறமூர்த்தங்களில் தேடிக் குறித்தபோது, அவற்றில் கனக்க இருந்தது தகப்பன் பக்கத்துச் சின்ன நிறமூர்த்தங்களில். நூற்க நாரே இல்லாத தகப்பன் கொடுத்த பங்கு! தனியே இருந்தபோது வெளித்தெரியாதது, தாயின் நீட்டும் பழக்கத்தோடு சேர்ந்தபோது வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. ஆசியப் பருத்தி எவ்வளவு தெரிவு செய்யப்பட்டும் குட்டையாக நிற்க, அமெரிக்கப் பருத்தி 30 மில்லிமீற்றரைத் தொட்டதற்கு இது ஒரு காரணம்.

தனி ஒரு பரம்பரையலகு என்ன செய்கிறது எண்டு கண்டுபிடிக்க வேறு வழி வேண்டும்: பழுதான செடி. 1929இல் கிரிஃபீயும் லிகனும் நாரில்லாப் பருத்திச் செடிகளைப் பற்றி எழுதினார்கள். இலை சுருண்டு, செடி குறண்டி, வித்தில் மிகக் குட்டையான மயிர். ஆட்சியான விகாரம், ஒரே பரம்பரையலகு. இந்தச் செடியை ஆய்வுகூடங்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வைத்திருந்தன. 2017இல்தான் அது எந்தப் பரம்பரையலகு எண்டு தெரிந்தது: அக்ரின் என்ற புரதத்துக்குரியது. கலத்துக்குள் நீளத் திசையைப் பிடித்து வைக்கும் கயிறு மாதிரியான புரதம் அது. அதன் 65ஆவது இடத்தில் கிளைசீனுக்குப் பதிலாக வலீன் வந்துவிட்டது. அவ்வளவுதான் பிழை. கயிறு குழம்பினால் கலத்துக்கு எந்தப் பக்கம் நீளுவதெண்டு தெரியாமல் போகிறது.

இதற்கிடையில் 2011இல் கன்பராவில், நார் கிளம்புவதற்கே பச்சைக்கொடி காட்டும் பரம்பரையலகு ஒன்றை அடக்கிப் பார்த்தார்கள். வித்து மொட்டையாக வந்தது. 2012இல் பெருவின் காட்டுப் பருத்தியின் முழு மரபுத்தொகுதி வெளியானது, 2014இல் ஆசியப் பருத்தியினது, 2015இல் இரண்டும் சேர்ந்த அமெரிக்கப் பருத்தியினது.

வைற்றின் ஊரில் பிறகு என்ன நடந்தது எண்டால், நீளம்தான் வென்றது. 1974இல் கோயம்புத்தூரிலிருந்து சுவின் வந்தது. எகிப்தியப் பருத்தியிலிருந்து தெரிந்தெடுத்த சுஜாதாவையும் கரிபியன் தீவான சென் வின்சென்ரின் பருத்தியையும் கலந்து எடுத்தது. இரண்டுமே 26காரர், அதனால் மலட்டுச் சிக்கல் இல்லை. இந்தியாவில் விளைவதில் மிக நீள நார் தரும் பருத்திகளில் ஒன்று. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மழையை மட்டும் நம்பி நின்ற கருங்கண்ணி, 13 நிறமூர்த்தங்களோடு, சில விவசாயிகளின் கையில் மிஞ்சிக் கிடக்கு. கையால் நூற்கிறவை இப்ப அதைத் தேடி வருகினம்.