தனுஷ்கோடி: கிளை எது, மெயின் லைன் எது?

தனுஷ்கோடின்னதும் நாம எல்லாரும் எழுதுறது மூணு விஷயம். இடிஞ்ச சர்ச், ரெண்டு கடல், பொரிச்ச மீன். நானும் அதுக்குத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன் :-)

முன்னெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோட ரோடு முடிஞ்சிடும். அப்புறம் வேன்ல ஏறி, ஈர மணல்லயும் கடல் தண்ணியிலயும் குலுங்கிக் குலுங்கிப் போகணும். 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்ததும் அந்த சாகசம் போச்சு. போகும்போது இடப்பக்கம் பெண் கடல், வலப்பக்கம் ஆண் கடல். அமைதியா இருக்கிறது பெண்ணாம், சீறுறது ஆணாம். (எங்க வீட்டுல நிலைமை வேற.) முனையில மட்டும் குளிக்க இறங்காதீங்க, நீரோட்டம் மோசம்.

சர்ச் பக்கத்துல ஓலைக் கொட்டகையில மீன் சாப்பிட்டுக்கிட்டே, "ஸ்டேஷன் எங்கக்கா இருந்துச்சு?"ன்னு கேட்டேன். கடைக்கார அக்கா கரண்டியை நீட்டிக் காட்டினாங்க. "அந்தா நிக்கிது பாருங்க செவுரு. பெரிய ஸ்டேஷன் தம்பி அது. அப்ப ராமேஸ்வரம்தான் கிளை."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தா அக்கா சொன்னது நிஜம். 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலத்தைத் திறந்தது கோயிலுக்குப் போகிறவர்களுக்காகன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அதைவிடப் பெரிய காரணம் கொழும்பு. எழும்பூரிலேயே கொழும்புக்கு டிக்கெட் வாங்கலாம். தனுஷ்கோடி வரை போட் மெயில், அங்கிருந்து சுமார் 35 கி.மீ. ஸ்டீமரில் தலைமன்னார், மறுபடியும் ரயில். பாம்பனில் பிரிஞ்சு ராமேஸ்வரம் போனதுதான் கிளைப் பாதை.

துரைமார் முதல் வகுப்பில் போனது இருக்கட்டும். தேயிலைத் தோட்டத்துக்கு கூலிகளாகப் போன நம்ம சனங்க போனதும் இதே வழிதான். அதுக்கு முன்னாடி மண்டபம் முகாமில் காலரா, பிளேக் பயத்துல சில நாள் நிறுத்தி வெச்சு, சோதிச்சுட்டுத்தான் கப்பலுக்கு விடுவாங்க.

இப்போ தேதிகளைப் பாருங்க. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா திரும்ப எடுத்துக்கொள்ளணும். அவங்களைக் கேட்டு யாரும் கையெழுத்துப் போடலை. ரெண்டு மாசம்கூட ஆகலை, டிசம்பர் 22 ராத்திரி புயல். பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் போனது. உள்ளே நூறு பேருக்கு மேல், ஒருத்தரும் பிழைக்கவில்லை. விடியும்போது ஊரே இல்லை.

பாம்பன் பாலத்தை 46 நாளில் சரி செஞ்சாங்க, ஸ்ரீதரன் தலைமையில். எல்லாரும் புகழ்ற விஷயம், புகழலாம். ஆனா தனுஷ்கோடிக்கு மறுபடி தண்டவாளம் போடலை. வாழத் தகுதியில்லாத ஊர்னு அறிவிச்சாச்சு. மெயின் லைன் மணலுக்குள்ள போக, கிளை மெயின் லைன் ஆயிடுச்சு.

அப்புறம் ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவங்க வந்து இறங்கினது ராமேஸ்வரத்தில், ராமானுஜம் கப்பலில். தாத்தா பாட்டி ஏறிப்போன துறை பக்கத்திலேயே இடிஞ்சு கிடந்துச்சு. இறங்கினதும் எங்கே போனாங்க? அதே மண்டபம் முகாமுக்கு. 1980களில் போர் தொடங்கினதும் கப்பலும் நின்னு போச்சு. படகுல தப்பி வந்த அகதிகளையும் கொண்டுபோய் வெச்சது அதே மண்டபத்துலதான்.

இதெல்லாம் தெரியாமத்தான் அன்னிக்கு அந்தச் செவுத்துல சாஞ்சு போட்டோ எடுத்துக்கிட்டேன். கிளம்பும்போது அக்காகிட்ட தண்ணி கேட்டேன். மணலைத் தோண்டின ஊத்துலேர்ந்து மொண்டு கொடுத்தாங்க. ரெண்டு பக்கமும் உப்புக்கடல், அந்தத் தண்ணி துளிகூட கரிக்கலை.