லாண்டாவின் கோடும் நியூட்ரானின் சாட்சியும்

1938 ஏப்ரல் மாதம். மாஸ்கோவில் லெவ் லாண்டாவ் என்ற இளம் இயற்பியல் அறிஞர் கைது செய்யப்பட்டார். ஸ்டாலினைச் சாடும் துண்டறிக்கை ஒன்றில் அவருக்குப் பங்கு உண்டு என்பது குற்றச்சாட்டு. ஓராண்டு சிறைவாசத்தில் உடல் நலிந்து போனது. அவரைக் காப்பாற்றியவர் பியோத்தர் கபிட்சா. தான் கண்டுபிடித்த ஒரு விந்தையை விளக்க இவரை விட்டால் வேறு ஆள் இல்லை என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதி, தானே பொறுப்பேற்று 1939-இல் வெளியே கொண்டு வந்தார்.

அப்படி என்ன விந்தை?

ஹீலியம் வாயு 4.2 கெல்வினில் திரவமாகும். 2.17 கெல்வினுக்குக் கீழே போனால் அதன் குணமே மாறிவிடும். மிக நுண்ணிய இடுக்கிலும் உராய்வே இல்லாமல் ஓடும். கிண்ணத்தில் வைத்தால் சுவரேறி வெளியே வழியும்! இதுதான் மீப்பாய்மம். மாஸ்கோவில் கபிட்சாவும், கேம்பிரிட்ஜில் ஆலன், மிசெனர் இருவரும் தனித்தனியே கண்டறிந்த இதை, 1938 ஜனவரியில் 'நேச்சர்' இதழ் சேர்த்தே வெளியிட்டது.

1941-இல் லாண்டாவ் விளக்கம் தந்தார். அணுக்களைத் தனித்தனியே பார்க்காதீர்கள், திரவம் முழுவதும் சேர்ந்து அசைவதைப் பாருங்கள் என்றார். அந்த அசைவு சிறுசிறு பொட்டலங்களாகத்தான் வரும். இவையே கிளர்வுகள். நீண்ட ஒலி அலைகளின் பொட்டலம் ஃபோனான். இன்னொரு வகை ரோட்டான். அதை உண்டாக்கக் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று தேவை. மெதுவாக ஓடும் திரவத்தால் இந்த இரண்டில் எதையும் உண்டாக்க முடியாது. ஆற்றலை இழக்க வழியில்லாதபோது உராய்வு எங்கிருந்து வரும்?

முதலில் இரண்டுக்கும் தனித்தனிக் கோடுகள் வரைந்தார். பெஷ்கோவின் சோதனை அளவுகளோடு அது ஒத்துவரவில்லை. 1947-இல் கோட்டைத் திருத்தினார். இப்போது ஒரே கோடு: உந்தம் கூடக் கூட ஆற்றல் ஏறி, ஒரு மேட்டைத் தொட்டு, பள்ளத்தில் இறங்கி, மீண்டும் ஏறுகிறது. அந்தப் பள்ளத்தில்தான் ரோட்டான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பள்ளத்தை யாரும் நேரில் அளந்ததில்லை. 1950-களில் ஃபைன்மன் அணுக்களிலிருந்து தொடங்கிக் கணக்கிட்டபோதும் இதே வடிவம் வந்தது. அவரது முதல் கணக்கில் பள்ளம் ஏறக்குறைய இரு மடங்கு உயரத்தில் நின்றது. யார் சொல்வது சரி? 1957-இல் கோஹனும் ஃபைன்மனும் ஒரு வழி சொன்னார்கள்: நியூட்ரானை எய்து பாருங்கள்!

ஏன் நியூட்ரான்? ஒளியின் அலைநீளம் அணு இடைவெளியை விட ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரியது. எக்ஸ் கதிரின் ஆற்றலோ மிக அதிகம். அதில் ஏற்படும் சிறு இழப்பை அன்று அளக்க இயலாது. வேகம் குறைந்த நியூட்ரானுக்கு இரண்டும் பொருந்தும். மின்னூட்டம் இல்லாததால் திரவத்தின் உள்ளே எளிதாகப் புகும். ஹீலியம்-4 அதை விழுங்கவும் செய்யாது. புகுந்த நியூட்ரான் ஒரு கிளர்வை உண்டாக்கிவிட்டுத் திசை மாறி வெளியே வரும். திரும்பிய கோணத்தையும் இழந்த ஆற்றலையும் அளந்தால், கோட்டில் ஒரு புள்ளி கிடைத்துவிடும்.

1957-இல் ஸ்டாக்ஹோமில் பாலெவ்ஸ்கி, ஒட்னெஸ், லார்சன் குழுவினர் முதல் புள்ளிகளைப் பெற்றனர். அடுத்து அணுகுண்டு பிறந்த லாஸ் அலமோஸில் யார்னெல் குழுவினர். 1961-இல் கனடாவின் சாக் ரிவரில் ஹென்ஷாவும் உட்ஸும் கோட்டை விரிவாக அளந்தனர். மேடு இருந்தது. பள்ளமும் இருந்தது! லாண்டாவ் 1947-இல் பள்ளத்தின் ஆற்றலை 9.6 கெல்வின் என்றார். நியூட்ரான் சொன்னது சுமார் 8.65. பள்ளத்தின் இடத்தை 1.95 என்றார். நியூட்ரான் காட்டியது சுமார் 1.9. பனிப்போரின் நடுவே, சோவியத் அறிஞரின் கோட்டுக்கு மேற்கத்திய அணு உலைகளே சாட்சி சொல்லின.

1962 ஜனவரியில் கார் விபத்தில் லாண்டாவ் படுகாயமுற்றார். அந்த ஆண்டின் நோபல் பரிசு மாஸ்கோ மருத்துவமனைக்கே வந்து வழங்கப்பட்டது. அதன்பின் அவரால் ஆய்வுக்குத் திரும்ப முடியவில்லை. 1968-இல் மறைந்தார்.

ரோட்டான் என்பது அணு அளவில் எப்படிப்பட்ட அசைவு என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அந்தப் பள்ளம் இருக்கிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கபிட்சா அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால், அதை யார், எப்போது வரைந்திருப்பார்களோ!